ஒண்ணு மேல, மத்ததெல்லாம் கீழ

கிறிஸ்டின் அந்தப் பைக்கை வாங்கியது ஒரே ஒரு சங்கதிக்காக. நிறத்துக்காக இல்லை, அந்தக் கறுப்பிலும் சிவப்பிலும் ரோட்டில் ஆயிரம் பைக் ஓடுகிறது. வேகத்துக்காகவும் இல்லை, நூற்றுப்பத்தைத் தாண்டினால் அவளே வேகத்தைக் குறைத்துவிடுவாள். கிளட்ச்சைப் பிடிக்காமலே கியர் ஏற்றலாம் என்று அதில் ஒரு வசதி இருந்தது பாருங்கள், அதற்காகத்தான் வாங்கினாள். வாங்கி ஓட்டிப் பார்த்தால் அந்த ஒன்றுதான் வேலை செய்யவில்லை. மற்றதெல்லாம் ஜம்மென்று இருக்கிறது. ஹாரன்கூடக் கணீரென்று அடிக்கிறது. ஹாரனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அவளுடைய இடது கையைப் பார்க்க வேண்டும். எட்டு வருடங்களுக்கு முன்னால், மலேசியாவின் செனாய் ஊரில் பாட்டில் மூடிகள் வார்க்கும் தொழிற்சாலையில், ஓர் அச்சு இயந்திரம் அந்தக் கையின் கடைசி இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. நடுவிரல் மிஞ்சியது, ஆனால் பாதிதான் மடங்கும். ஆறே மாதத்தில் அதே தொழிற்சாலைக்கு, அதே டெக்னீஷியன் வேலைக்குத் திரும்பிப் போனாள். ஆனால் அன்றிலிருந்து எல்லாரும் அந்தக் கையிலிருந்து பொருள்களை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஸ்பானரை எடுத்தால் பக்கத்திலிருப்பவன் வாங்கிக்கொள்வான். ஊறுகாய்ப் புட்டியைத் தொட்டால் கணவன் திமோத்தி வாங்கிக்கொள்வான். மாதா கோயிலில் பாட்டுப் புத்தகத்தைக்கூட யாராவது ஒரு அக்கா வாங்கிக்கொள்வாள். எல்லாம் பாசம்தான். பாசமாக இருந்து தொலைத்ததால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனை காலமும் அவள் ஓட்டியது கப்சாய். கிளட்ச் லீவரே இல்லாத அந்தச் சின்ன பைக்கில்தான் ஜொகூரில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறார்கள், மீன் வாங்குகிறார்கள், சமையல் காஸ் தோம்பு ஏற்றுகிறார்கள். காலால் முன்பக்கம் அமுக்கினால் கியர் ஏறும். அமுக்கிக்கொண்டே போகலாம். இருபது வருடமாக அமுக்கிக்கொண்டே போனாள். லைசன்ஸ் எடுத்ததும் அதில்தான். அந்த லைசன்ஸை வைத்துக்கொண்டு இருநூற்றைம்பது சிசி வரைக்கும் ஓட்டலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. கிறிஸ்டின் நினைத்தாள். வருடக்கணக்காக நினைத்தாள். பெரிய பைக் என்றால் கிளட்ச், கிளட்ச் என்றால் இடது கை. அங்கேயே நினைப்பு நின்றுவிடும். குவிக் ஷிஃப்டர் என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்த நினைப்பு மறுபடி நகர ஆரம்பித்தது.

சங்கதி எளிதானது. கால் படுகிற கியர் பெடலிலிருந்து ஒரு கம்பி கியர் பெட்டிக்குப் போகும். அந்தக் கம்பியில் ஒரு சென்சார். கால் பட்டதும் அது எஞ்சினை ஒரு கணம் மூச்சைப் பிடிக்கச் சொல்லும். அந்த இடைவெளியில் கியர் வழுக்கிக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடும். கிளட்ச்சைத் தொடவே வேண்டாம். கியர் ஏற்றும்போது மட்டும்தான் இது. இறக்கும்போது கை வேண்டும். இருக்கட்டும். பாதி வேலை குறைந்தால் மீதியை மிச்சமிருக்கும் விரல்கள் பார்த்துக்கொள்ளும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

விற்றவர் காளிதாஸ். பத்து பாகாட் என்ற ஊரில் துணிக்கடை வைத்திருந்தார். நான்கு வருடம் அருமையாக வைத்து ஓட்டியவர், குனிந்து உட்கார்ந்து முதுகுவலி வந்துவிட்டதால் விற்கிறார். பைக்கைத் துடைத்து, கேட்டுக்கு வெளியே நிறுத்தி, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா மாதிரிப் பக்கத்தில் நின்றார்.

"பயப்படாதீங்கம்மா, நம்ம கப்சாய் மாதிரிதான்" என்றார். "ஒண்ணு மேல, மத்ததெல்லாம் கீழ. ஒண்ணாவது கியர் போட்டுட்டா அப்புறம் அமுக்கிக்கிட்டே போங்க."

"குவிக் ஷிஃப்டர் வேலை செய்யுமாண்ணே?"

"புதுசுலயே போட்டு வாங்குனதும்மா. நல்லாத்தான் செஞ்சிச்சு. எனக்கு கிளட்ச்சப் பிடிச்சாத்தான் கியர் மாத்துன மாதிரி இருக்கும், அதனால நான் யூஸ் பண்றதில்ல. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிக்கலயா, அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாந்து குடுத்துட்டு காச வாங்கிக்குங்க. பிடிச்சிருந்தா வண்டி கிராண்ட்டு பத்திரத்துல பேர மாத்திருவோம்."

ஆனால் என் பைக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். விற்ற பிறகும் அவர் வாயில் அது 'என் பைக்'தான்.

திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் வருவதற்குள் கிறிஸ்டினுக்குத் தெரிந்துவிட்டது. கிளட்ச்சைத் தொடாமல் அமுக்கினால் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது. எஞ்சின் மூச்சைப் பிடிக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு செனாய்க்கு வந்து சேர்ந்தபோது, முழங்கை வரைக்கும் நரம்பு இழுத்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிடியிலிருந்து விரலைப் பிரிக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பின்னாலேயே காரில் வந்த திமோத்தி எல்லாவற்றையும் பார்த்தான். விமான நிலையத்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். எது உடைந்திருக்கிறது, எது உடையப் போகிறது என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. சுடுதண்ணீர் வைத்துக் கொண்டுவந்து அவள் கையை அதில் அமிழ்த்தினான்.

"நான் சண்டை போட வரல கிறிஸ்" என்றான். "அந்தச் சாமான் வேலை செஞ்சா நீ வச்சிக்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். வேலை செய்யலன்னா இந்தக் கையோட நீ இத ஓட்டக்கூடாது. ஞாயித்துக்கெழம காளிதாஸ் பைக்கு காளிதாஸ்கிட்டயே போயிரணும்."

"சரி" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்குக் காளிதாஸ் பைக்கு என்றே பெயர் விழுந்தது. காளிதாஸ் பைக்கை நகர்த்து, கார் எடுக்கணும். காளிதாஸ் பைக்கு மேல துணி காயப்போடாதீங்க. அவளே அப்படித்தான் சொன்னாள்.

ஆனால் அவள் யார்? வேலை செய்யாத இயந்திரத்தை வேலை செய்ய வைப்பதற்காக மாதா மாதம் சம்பளம் வாங்குகிறவள். ஒரு இயந்திரம் மக்கர் பண்ணினால் மற்றவர்களுக்குத் தலைவலி வரும். அவளுக்குப் பசி வரும். திங்கள்கிழமை வேலை முடிந்ததும் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு பைக்குக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மீட்டர் பலகையில் அந்த வசதி திறந்துதான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஃபியூஸைப் பார்த்தாள். பேட்டரியை அளந்தாள். வேகம் போதாதோ என்று அடுத்த நாள் எஞ்சினை நன்றாக முறுக்கிவிட்டு அமுக்கிப் பார்த்தாள். கல்லு.

இணையத்தில் பத்துப் பதினைந்து காணொளி பார்த்தாள். எல்லாரும் தலைக்கவசத்துக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே சர் சர்ரென்று கியர் ஏற்றினார்கள். ஒருத்தன் காலையாவது காட்ட வேண்டுமே! பைக்கின் பக்கவாட்டு மூடி எல்லாக் காலையும் மறைத்தது.

செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு விசித்திரம் நடந்தது. ஒரு மேட்டில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முறுக்கியது முறுக்கியபடியே கியரை இறக்கினாள். எஞ்சின் ஒரு கணம் விக்கியது. ஒரே விக்கல். மறுபடி அதே மேட்டுக்குப் போய் அதையே செய்து பார்த்தாள். மறுபடி விக்கியது. ஏற்றும்போது விக்கவேண்டிய எஞ்சின் விக்கவில்லை. விக்கவே கூடாத இடத்தில் விக்குகிறது. நோட்டில் "விக்கல்" என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். கை வலித்தாலும் அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் முகம் களையாக இருந்ததைத் திமோத்தி கவனித்தான்.

புதன்கிழமை சாயங்காலம் கூலாயில் மெக்கானிக் யுகேந்திரன் கடைக்குக் கொண்டுபோனாள். அவளுடைய கப்சாயை ஆறேழு வருடமாகப் பார்க்கிறவன். கைராசிக்காரன். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு: கஸ்டமர் பைக்கில் ஏற மாட்டான். ஒரு தடவை ஒருத்தருடைய புது வண்டியை ஓட்டிப் பார்க்கப் போய்க் கீழே போட்டுவிட்டு, அன்றிலிருந்து சபதம். ஓட்டுவது உங்கள் வேலை, பிரிப்பது என் வேலை என்பான்.

சாவியைப் போட்டான். எஞ்சினைக் கிளப்பவில்லை. பைக்குக்கு அந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்து பெடலை விரலால் லேசாக அசைத்தான். மீட்டரில் பச்சை விளக்கு பளிச் பளிச்சென்று சிமிட்டியது.

"சென்சார் கும்முனு இருக்குக்கா. ஒண்ணும் ஆகல."

"அப்பறம் ஏன்டா ரோட்டுல வேலை செய்ய மாட்டேங்குது?"

"நீங்க பயந்து பயந்து மெதுவா போடுறீங்களோ என்னவோ. நல்லா உறுதியா போடுங்கக்கா."

திரும்பி வரும் வழியெல்லாம் உறுதியாகப் போட்டாள். ஏறி மிதித்தாள் என்றே சொல்லவேண்டும். கல்லு கல்லாகவே இருந்தது. கடையில் சிமிட்டுகிற விளக்கு ரோட்டில் ஏன் சிமிட்டாது? அவன் கண்ணெதிரே நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, இவளிடம் மட்டும் ஏன் இந்த வம்பு? வழக்கமாக அவளுக்குக் கோபம் வந்திருக்கும். வரவில்லை. அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அந்தப் பைக்கைத் திருப்பிக் கொடுப்பதை நினைத்தால்தான் தாங்கவில்லை. கை போகட்டும், பைக்கும் போகட்டும், காரணமாவது தெரியவேண்டாமா?

வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் ஏழாம் நம்பர் இயந்திரம் நின்றுவிட்டது. அதை ஓட்டுகிற தங்கராஜு ஓடிவந்தார். "நான் ஒண்ணுமே செய்யல கிறிஸ்டின். எப்பவும் செய்யற மாதிரி கதவ மூடுனேன், பட்டன அமுக்குனேன்."

"சொல்லாதீங்கண்ணே. செஞ்சு காட்டுங்க" என்றாள்.

அது அவளுடைய தொழில் மந்திரம். என்ன செய்தாய் என்று கேட்டால் மனிதர்கள் செய்யவேண்டியதைச் சொல்வார்கள், செய்ததைச் சொல்ல மாட்டார்கள். பொய்யில்லை, அவர்களுக்கே தெரியாது. செய்து காட்டச் சொன்னால் கை உண்மையைச் சொல்லிவிடும். தங்கராஜு செய்து காட்டினார். கதவை மூடிவிட்டு அதன்மேல் சாய்ந்தார். கதவு ஒரு நூல் திறந்துகொண்டது. அவ்வளவுதான் விஷயம். அவர் அசடு வழியச் சிரித்தார்.

கிறிஸ்டின் சிரிக்கவில்லை. அப்படியே நின்றாள். யுகேந்திரன் அந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்து என்ன செய்தான்? அவள் விளக்கைப் பார்த்தாளே ஒழிய அவன் விரலைப் பார்க்கவே இல்லை. எட்டு மணி நேரமும் அடுத்தவனுக்குச் சொல்கிற பாடத்தைத் தன் பைக்குக்குச் சொல்லவில்லை. அட மக்கே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உடனே போகலாம் என்றால் அன்று யுகேந்திரன் கடை பூட்டு. கோயில் திருவிழாவுக்குக் காவடி தூக்கப் போயிருந்தான். மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றுதான்.

சனிக்கிழமை அவன் கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

"புதன்கெழம செஞ்சத அப்படியே மறுபடி செய். இந்தப் பக்கமா உக்காரு, எனக்கு மறைக்காம."

அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே உட்கார்ந்தான். சாவியைப் போட்டு, கட்டைவிரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்து, லேசாக மேலே தூக்கினான். விளக்கு சிமிட்டியது.

"நில்லு. இப்ப என்ன செஞ்ச?"

"கியர் ஏத்துனேன்."

"எங்கடா ஏத்துன? தூக்குன."

"ஏத்துறதுன்னா தூக்குறதுதானக்கா?"

"ஏத்துறதுன்னா அமுக்குறதுடா!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யுகேந்திரனின் கொட்டாவி பாதியில் நின்றது.

"கப்சாய்லதான் அமுக்கி ஏத்துவாங்க. பெரிய பைக்ல எவன்கா அமுக்கி ஏத்துவான்?"

"நான் ஏத்துறேனே! ஒரு வாரமா ஏத்துறேனே! காளிதாஸ் அண்ணன் சொன்னாரு, ஒண்ணு மேல, மத்ததெல்லாம் கீழன்னு."

"தலகீழா சொல்லியிருக்காரு. ஒண்ணு கீழ, மத்ததெல்லாம் மேல. உலகம் பூரா அப்படித்தான்." சொல்லிக்கொண்டே பெடலை இந்தத் தடவை முழுசாகத் தூக்கினான். நியூட்ரலிலிருந்து தூக்கினால் மீட்டரில் இரண்டு வரவேண்டும். ஒன்று என்று வந்தது. "அலமாக்" என்று ஆச்சரியப்பட்டு, அடியில் பார்க்கத் தரையில் படுத்துவிட்டான். அடியிலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. "கியர் பெட்டில மாட்டுற இரும்புக் கைய எவனோ கழட்டித் தலகீழா திருப்பி மாட்டியிருக்கான்கா. மேல பாக்கவேண்டியது கீழ பாக்குது."

கிறிஸ்டினும் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். சட்டை அழுக்காவது பற்றி நினைக்கவே இல்லை. அந்தச் சின்ன இரும்புக் கை கீழ்நோக்கிச் சமத்தாக உட்கார்ந்திருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது. சென்சாருக்குத் தெரிந்தது ஒரே பாடம்: பெடலைத் தூக்கினால் கியர் ஏறுகிறது, எஞ்சின் மூச்சைப் பிடிக்கவேண்டும். அமுக்கினால் அது ஏன் என்று கேட்காது. இவள் ஏற்றுவதற்கு அமுக்கினாள். அது சும்மா இருந்தது. இறக்குவதற்குத் தூக்கினாள், அது தன் கடமையைச் செய்தது. அந்த மேட்டில் வந்த விக்கல் அதுதான். பாவம், அது ஒரு நாளும் தப்புச் செய்யவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வாரத்திலேயே அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

அங்கேயே படுத்தபடி காளிதாஸுக்குப் போன் போட்டாள். "அண்ணே, கியர திருப்பி வச்சீங்களா?"

"ஆமாம்மா! வாங்குன ரெண்டாவது வாரமே திருப்பிட்டேன்" என்றார் அவர் உற்சாகமாக. "நான் கப்சாய் ஓட்டுன காலு. ஏத்தலாம்னு அமுக்குனா எறங்கிருச்சு. பாரிட் ராஜா சிக்னல்ல அத்தன பேரு முன்னால வண்டி குதிச்சு, மானமே போச்சு. ஒரு கடையில குடுத்து மாத்துன பெறகுதான் அது பைக்கு மாதிரி ஆச்சு. ஏம்மா, நான்தான் அன்னிக்கே சொன்னேனே, ஒண்ணு மேல, மத்ததெல்லாம் கீழன்னு?"

சொன்னார்தான். அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. குவிக் ஷிஃப்டர் நன்றாக வேலை செய்தது என்றதும் நிஜம்தான். அந்த முதல் இரண்டு வாரம் செய்திருக்கும். அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. கப்சாய் ஓட்டாத யாராவது வாங்கியிருந்தால் கேட்டைத் தாண்டுவதற்குள் கண்டுபிடித்திருப்பான். கப்சாய்க்காரர் கப்சாய்க்காரிக்கு விற்றார். இரண்டு பேர் காலுக்கும் அதில் தப்பே தெரியவில்லை.

யுகேந்திரன் எழுந்து கையைத் துடைத்தான். "ரெண்டு வழி இருக்குக்கா. அமுக்குனா வேலை செய்யற மாதிரி வேற சென்சார் வாங்கலாம். ஆர்டர் போட்டா வர மூணு வாரம். இல்லன்னா இந்தக் கைய பழையபடி திருப்பி வச்சிரலாம், பத்து நிமிசம். ஆனா உங்க கால் மாறணும். அவசரத்துல பழக்க தோசத்துல அமுக்கினீங்க, வேகத்துல கியர் எறங்கி வண்டி தூக்கிப் போட்டுரும். வெளையாட்டு இல்ல."

மூன்று வாரம் அவளிடம் இல்லை. ஒரு நாள்தான் இருந்தது. "திருப்பி வை" என்றாள்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகாத குறையாகக் கிளட்ச்சைப் பிடித்து மெதுவாக ஓட்டிப் போய்த் திமோத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் விக்கல் கதையைக் கேட்டு முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"நாளைக்குள்ளயா? இருவது வருசத்துப் பழக்கம் கிறிஸ். ஒரு நாள்ல எப்படி மாறும்?"

"எனக்குக் கைய மாத்த முடியாதுங்க" என்றாள் கிறிஸ்டின். "கால மாத்தலாம்."

அவன் எழுந்து சட்டையை மாட்டினான். பிறகு கார் சாவியை எடுத்தான்.

தொழிற்பேட்டையில் லாரிகள் நிறுத்துகிற இடம் சனிக்கிழமை மத்தியானம் வெறிச்சென்று கிடந்தது. திமோத்தி திட்டில் உட்கார்ந்துகொண்டான், பையில் கட்டிக் கொடுத்த ஐஸ் மைலோவோடு. அவள் கிளட்ச்சைப் பிடித்து ஒன்றாம் கியர் போட்டு நகர்ந்தாள். முறுக்கினாள். கால் தானாக அமுக்கியது. ஒன்றுக்குக் கீழே கியரே இல்லை, வண்டி ஒன்றிலேயே கிடக்க எஞ்சின் வீல் என்று கத்தியது.

"தூக்கு!" என்று கத்தினான் திமோத்தி.

இரண்டாவது தடவையும் அமுக்கினாள். மூன்றாவது தடவை அமுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. கால் அந்தரத்தில் நின்றது. "தூக்கு! தூக்கு!" என்று அவன் கத்துவதைக் கேட்டு, பக்கத்துத் தொழிற்சாலையில் காவலுக்கு இருந்த ஜாகா எதையாவது திருடுகிறார்களோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பத்தாவது தடவையோ என்னவோ, அவள் யோசித்து யோசித்து, காலணியின் முனையைப் பெடலுக்கு அடியில் வைத்துத் தூக்கினாள்.

எஞ்சின் மூச்சைப் பிடித்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான். உள்ளே ஏதோ வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இரண்டு. முறுக்கியது முறுக்கியபடியே இருக்கிறது, வண்டி தயங்கவே இல்லை. தூக்கினாள். மூன்று. இடது கை? அவள் குனிந்து பார்த்தாள். அது கைப்பிடியின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது, வேலையில்லாத ஆள் மாதிரி. ஏசப்பா என்று கத்திவிட்டாள். தலைக்கவசத்துக்குள் கத்தியது திட்டில் இருந்தவனுக்குக் கேட்டிருக்காது, ஆனால் அவன் எழுந்து நின்றான்.

அன்று வெயில் இறங்கும் வரைக்கும் சுற்றினாள். இருநூறு தடவை இருக்கும். திடீரென்று அவன் கை தட்டுவான். தட்டினால் யோசிக்காமல் ஏற்றவேண்டும். கடைசி ஐம்பது தடவையில் ஒரு தடவைகூடக் கால் அமுக்கவில்லை. மைலோ வெந்நீராகிப் போனது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். திமோத்தி காரில் பின்னால் வந்தான். பத்து பாகாட்டுக்கு, காளிதாஸ் வீட்டுக்கு. சிம்பாங் ரெங்கம் தாண்டி இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டமாக ஓடுகிற ரோட்டில் அவள் தூக்கித் தூக்கிப் போனாள். ஆயர் ஈத்தாம் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"கை எப்படி இருக்கு?"

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு இடது கையை உயர்த்தி, இருக்கிற விரல்களை விரித்து, ஆட்டிக் காட்டினாள். பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பமே பார்த்தது. எட்டு வருடத்தில் அந்தக் கையை நடுரோட்டில் அவள் விரித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. திமோத்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். பச்சை விழுந்த பிறகும் அவன் கார் நகரக் கொஞ்ச நேரம் ஆனது.

காளிதாஸ் வாசலிலேயே காத்திருந்தார். பணத்தை எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன், எனக்கு மனவருத்தம் ஒன்றும் இல்லை என்றார். பைக்கைச் சுற்றிவந்து ஒரு கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றதும் முகம் மலர்ந்தது.

"என் பைக்க ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிக்கவாம்மா? ஒரு வாரமா கண்ணுக்குள்ளயே இருக்கு."

"ஓட்டுங்கண்ணே" என்றாள் கிறிஸ்டின். கைகளைக் கட்டிக்கொண்டு திமோத்திக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கிளப்பினார். கிளட்ச்சைப் பிடித்து, ஒன்றாம் கியருக்காகக் காலால் மேலே தூக்கி, கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி டக்கென்று நின்றது. மறுபடி கிளப்பினார். மறுபடி டக். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு என் பைக்குக்கு?" என்றார் பதறிப்போய்.

கிறிஸ்டின் பக்கத்தில் வந்தாள். இடது கையை நீட்டி, அவரிடமிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.

"அது உங்க பைக்கு இல்லண்ணே" என்றாள். "என்னோடது. ஒண்ணு கீழ, மத்ததெல்லாம் மேல."

திமோத்தி அதற்குள் காரிலிருந்து பேனாவை எடுத்துவிட்டான். "கிராண்ட் எங்க இருக்கு, அண்ணே?" என்று கேட்டான்.